உழவர்கரை: வாக்காளர் போக்கு

பிரெஞ்சு ஆட்சியில் தனி கொம்யூனாக இருந்து, இன்று புதுச்சேரியின் மேற்கிலும் வடக்கிலும் பரந்து கிடக்கும் நகராட்சி உழவர்கரை. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 3 லட்சத்தைச் சற்றே தாண்டியது. புதுச்சேரி நகராட்சியைவிட இது அதிகம். ஆகவே ஆட்சி யாருக்கு என்பதில் இந்தப் புறநகரின் குரல் கனமானது.

இங்கே கட்சியைவிட ஆளுக்கே மதிப்பு அதிகம். பின்னாளில் முதல்வரான என். ரங்கசாமி 1991இல் இங்குள்ள தட்டாஞ்சாவடித் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராக வென்றார். 2011 பிப்ரவரியில் என்.ஆர். காங்கிரசைத் தொடங்கி, அதே ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் இப்பகுதியின் கதிர்காமம், இந்திரா நகர் இரண்டிலும் வென்றார். 2016இல் இந்திரா நகர், 2021இல் மீண்டும் தட்டாஞ்சாவடி. சின்னம் மாறியது, தொகுதி மாறியது, வாக்கு கூடவே போனது. மோட்டார் சைக்கிளில் வந்து வாக்களித்துவிட்டுப் போகும் ரங்கசாமியை இப்பகுதி மக்கள் தங்களில் ஒருவராகவே பார்க்கிறார்கள்.

ஆனாலும் இது எவருக்கும் நிரந்தரக் கோட்டையன்று. 2019 இடைத்தேர்தலில் தட்டாஞ்சாவடியை தி.மு.க. கைப்பற்றியது. காமராஜ் நகரில் அதே ஆண்டு காங்கிரசுக்காக வென்ற ஜான்குமார், 2021இல் பா.ஜ.க. வேட்பாளராகவும் வென்றார். உழவர்கரைத் தொகுதி 2016இல் காங்கிரசின் எம்.என்.ஆர். பாலனையும், 2021இல் சுயேச்சை சிவசங்கரையும் தேர்ந்தெடுத்தது. லாஸ்பேட்டை அம்முறை காங்கிரசிடமே நின்றது.

நகராட்சித் தேர்தலோ 1968க்குப் பின் 2006இல்தான் நடந்தது. அந்த மன்றத்தின் பதவிக்காலம் 2011இல் முடிந்த பிறகு உள்ளாட்சி நிர்வாகம் அதிகாரிகள் கைக்குப் போனது. சாக்கடை அடைப்புக்கும் தெருவிளக்குக்கும் மக்கள் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நிற்பதற்கு இதுவே முதற்காரணம். ஆளைப் பார்த்து வாக்களிக்கும் பழக்கத்தை இது மேலும் இறுக்கியது.