பித்தளையில் வரைந்த நண்பகல் கோடு

லாகூரில் அல்லாஹ்தாத் குடும்பத்தார் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் செய்த அஸ்துர்லாப் கருவிகள் பலவற்றின் பின்புறத்தில், சூரியனின் நண்பகல் உயரத்தைக் காட்டும் வளைகோடுகள் உண்டு. நம் பிள்ளைகள் இயற்கணிதத்தில் பயிலும் சார்பின் வரைபடமே இது. சூரியன் நிற்கும் இராசியின் வில் தம் ஊர்க் கோட்டை வெட்டும் புள்ளியைக் கண்டு, அதற்குரிய உயரத்தை விளிம்பின் பாகைகளில் படிப்பர்.

அஸர் தொழுகைக்கு இது இன்றியமையாதது. ஹனஃபி மத்ஹபின்படி, பொருளின் நிழல் அதன் நண்பகல் நிழலைவிட இருமடங்கு உயரத்தால் நீளும்போதே அஸர் தொடங்கும்.

கோடோ ஊருக்கு ஊர் வேறுபடும். மார்ச் 21இல் லாகூரில் நண்பகல் உயரம் ஏறத்தாழ 58 பாகை, போடிநாயக்கனூரில் 80. லாகூர்க் கோடு 90ஐ ஒருபோதும் எட்டாது. நம்முடையதோ ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் எட்டும். அந்நாள்களில் நட்ட கோலின் நண்பகல் நிழல் அடியிலேயே மறையும். இருமடங்கு மட்டும் அளந்தால் போதும்.