ஃபே தோட்டத்துத் திராட்சை

கலிபோர்னியா மாநிலத்தின் நாப்பாப் பள்ளத்தாக்கில், கிழக்கு மலைச்சரிவின் அடிவாரத்தில், 1961ஆம் ஆண்டில் நேத்தன் ஃபே என்னும் உழவர் கேபர்னே சோவின்யோன் என்னும் கருந்திராட்சைக் கொடிகளை நட்டார். அக்கம்பக்கத்தார் அதனை அறிவுடைய செயலாக எண்ணவில்லை. தெற்கே உள்ள சான் பாப்லோ விரிகுடாவிலிருந்து பிற்பகல்தோறும் குளிர்காற்று வந்து தழுவும் நிலம் அது. தடித்த தோலும் காலந்தாழ்த்திப் பழுக்கும் இயல்பும் உடைய கேபர்னே அங்கே நன்கு முதிராது என்பதே அந்நாளைய பொதுக்கருத்து. கொடிகளோ வளர்ந்தன, பழங்களும் பழுத்தன. ஃபே அவற்றைப் பிறருடைய மதுச்சாலைகளுக்கு விற்றுவந்தார். ஒரு சிறு பங்கை மட்டும் தமக்கென நிறுத்திக்கொண்டு, வீட்டுத் தேவைக்கு மது ஆக்கிக்கொண்டார். அது கடைக்குச் சென்றதில்லை. அதற்கென ஒரு பெயரும் இருந்ததில்லை.

அந்த வீட்டு மதுவின் மதிப்பை உணர்ந்தவர் ஓர் ஆசிரியர். வாரன் வினியார்ஸ்கி 1928இல் சிகாகோ நகரில் போலந்து வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர். போலந்து மொழியில் அவருடைய குடும்பப் பெயரே மதுத்தொழிலைக் குறிப்பது. தந்தையார் வீட்டு நிலவறையில் தேனையும் பூக்களையும் கொண்டு மது ஆக்குவதைச் சிறுவயதில் அவர் கண்டிருக்கிறார். ஆயினும் கல்வி அவரை வேறு வழியில் இட்டுச் சென்றது. மேலைநாட்டுப் பேரிலக்கியங்களை முதன்மையாகக் கற்பிக்கும் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் பயின்றார். பின்னர் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் அரசியல் தத்துவம் கற்று, அங்கேயே விரிவுரையாளராகவும் அமர்ந்தார். ஆய்வின் பொருட்டு இத்தாலியில் தங்கிய ஓராண்டில், அந்நாட்டு மக்கள் அன்றாட உணவோடு அளவாகத் திராட்சை மது அருந்தும் வழக்கம் அவர் மனத்தில் பதிந்தது. 1964இல், மனைவி பார்பராவுடனும் குழந்தைகளுடனும் சிகாகோவை நீங்கிக் கலிபோர்னியா சென்றார். அப்போது அவருக்கு வயது 35. கையில் இருந்த வேலையை உதறிவிட்டு, ஒரு சிறு மதுச்சாலையில் பீப்பாய் கழுவும் தொழிலாளியாகச் சேர்ந்தார் என்பதைக் கருதினால், அம்முடிவின் துணிவு விளங்கும்.

அன்றைய நாப்பா இன்று காணும் நாப்பா அன்று. 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுமையிலும் நடப்பிலிருந்த மதுவிலக்கு அங்குள்ள மதுச்சாலைகளுள் பெரும்பாலானவற்றை மூடச்செய்திருந்தது. திராட்சை பிடுங்கப்பெற்ற நிலங்களில் பிளம் மரங்களும் அக்ரோட்டு மரங்களும் நின்றன. எஞ்சிய மதுச்சாலைகளுள்ளும் நெடுங்காலம் வைத்துப் போற்றத்தக்க மதுவை ஆக்கியவை மிகச் சில. வினியார்ஸ்கி முதலில் லீ ஸ்டுவர்ட் என்பாரிடம் தொழில் பயின்றார். கொள்கலத்தின் தூய்மை முதல் வெப்பநிலை வரை சிறு நுணுக்கங்களையும் விடாது நோக்கும் கண்டிப்பானவர் ஸ்டுவர்ட். பிறகு, 1966இல் ராபர்ட் மோண்டாவி புதிதாகத் தொடங்கிய மதுச்சாலையில் வினியார்ஸ்கி பணியாற்றினார். முதல் இடத்தில் கைத்திறனும், இரண்டாவது இடத்தில் தொழிலின் விரிவும் அவருக்குப் பிடிபட்டன. சொந்த நிலம் மட்டும் அமையவில்லை.

1969இல் ஒருநாள், நீர்ப்பாய்ச்சும் முறைபற்றி உசாவும் நோக்கத்தோடு அவர் ஃபேயிடம் சென்றார். பேச்சினிடையே ஃபே, 1968ஆம் ஆண்டுப் பழத்தில் தாம் ஆக்கிய கேபர்னேயை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். இளமை மாறாத மது அது. எனினும் அதன் மணத்திலும் மென்மையிலும் தாம் ஆண்டுக்கணக்கில் தேடிய தன்மை முழுமையாக நிற்பதை உணர்ந்ததாக வினியார்ஸ்கி பிற்காலத்தில் பலமுறை கூறியுள்ளார். பண்பட்ட மதுச்சாலையும் விலையுயர்ந்த கருவிகளும் இன்றி ஆக்கிய மது அவ்வாறு இருந்ததென்றால், சிறப்பு நிலத்திற்கே உரியது என்பது அவர் கண்ட முடிவு. மறு ஆண்டே, ஃபேயின் தோட்டத்தை அடுத்து விலைக்கு வந்த, பிளம் மரங்கள் மிக்க 44 ஏக்கர் நிலத்தைப் பிறருடைய பணவுதவியும் பெற்று வாங்கினார். மரங்களை அகற்றிவிட்டுக் கேபர்னேயும் சிறிது மெர்லோவும் நட்டார்.

கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த நூலைப் பயிலும் மாணவர்க்கு இதனை விரித்துரைப்பானேன் என்ற ஐயம் எழலாம். அருந்துவோர்க்கன்று, ஒரு தொழில் எங்ஙனம் கலையாகிறது என அறிய விழைவோர்க்கே இவ்வரலாறு பயன்படும். கருந்திராட்சையின் சாறு பெரிதும் நிறமற்றது. நிறம் தோலில் உள்ளது. துவர்ப்பு தோலிலும் விதையிலும் உள்ளது. நசுக்கிய பழம் தோலோடு கூடி நொதிக்கும்போது இவை சாற்றில் இறங்குகின்றன. தோல் ஊறும் காலம் குறைந்தால் மது மெலியும். மிகுந்தால் நாவைப் பற்றி இழுக்கும். பின்னர் ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்காக அடங்கியிருக்கும்போதுதான் துவர்ப்பு தணிந்து இசைவு பிறக்கும். எப்போது கொய்வது, எப்போது தோலைப் பிரிப்பது, எந்தப் பீப்பாயை எதனோடு கலப்பது என்பவற்றை எந்தக் கருவியும் முடிவு செய்து தருவதில்லை. வன்மையே கேபர்னேயின் சிறப்பு எனப் பலர் கருதிய காலத்தில் வினியார்ஸ்கி அளவுடைமையை நாடினார். கிரேக்கச் சிந்தனையாளர்களைக் கற்பித்த மனம் அதனை நாடியதில் வியப்பில்லை. மாஸ்கோவில் பிறந்து, பிரான்சில் பயின்று, 1938இல் நாப்பாவுக்கு வந்த மூத்த மதுவியல் வல்லுநர் ஆந்த்ரே செலிஷ்செஃப் அவருக்கு அறிவுரைஞராக வாய்த்தது பெரும்பேறு.

1973ஆம் ஆண்டுப் பழம் கொய்தபோது புதுக் கொடிகளுக்கு வயது மூன்றே. அப்பழத்தில் ஆக்கிய மதுவைத்தான் 1976 மே 24ஆம் நாள் பாரிசில் நடந்த ஒப்புநோக்கில் வைத்தனர். பாரிசில் மதுக்கடை நடத்திய ஆங்கிலேயர் ஸ்டீவன் ஸ்பரியரும் அவருடன் பணியாற்றிய அமெரிக்கப் பெண்மணி பட்ரீசியா காலகரும், அமெரிக்க விடுதலையின் 200ஆம் ஆண்டையொட்டி அதனை ஏற்பாடு செய்தனர். செம்மதுவில் கலிபோர்னியாவினுடையவை 6. போர்தோவின் புகழ்பெற்றவை 4. பெயர் தெரியாதவாறு ஊற்றி வைத்த கிண்ணங்களுக்குப் பிரெஞ்சு நடுவர் ஒன்பதின்மர் மதிப்பெண் இட்டனர். வினியார்ஸ்கியின் மது 127.5 பெற்று முதலிடத்தில் நின்றது. 1970ஆம் ஆண்டின் மூத்தோன் ரோத்ஷீல்டு 126 பெற்றது. வெண்மதுப் பிரிவிலும் நாப்பாவின் மதுவே வென்றது. அங்கிருந்த ஒரே செய்தியாளர் 'டைம்' இதழின் ஜார்ஜ் டேபர். அவர் அன்று வாராதிருந்தால் உலகம் இதனை அறிந்திருக்குமா என்பது ஐயமே. வெற்றிச் செய்தி வந்தபோது வினியார்ஸ்கி சிகாகோவில் குடும்ப அலுவலில் இருந்தார். பார்பரா தொலைபேசியில் கூறியதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒன்றரை மதிப்பெண் வேறுபாடு மயிரிழையே; வேறொரு நாளில் வரிசை மாறியிருக்கக்கூடும். அதனைக்கொண்டு பிரெஞ்சு மது தாழ்ந்தது என முழங்குவது மிகை. அம்மதுக்கள் முதிரும் முன்பே சுவைக்கப்பட்டன எனப் பிரெஞ்சுக்காரர் கூறிய மறுப்பிலும் பொருளுண்டு. ஆனால் முப்பது ஆண்டுக்குப்பின், 2006இல், அதே செம்மதுக்களை மீண்டும் சுவைத்தபோது முதல் ஐந்திடங்களும் கலிபோர்னியாவுக்கே சென்றன. 'ரிட்ஜ் மாண்டி பெல்லோ' முதலிலும் வினியார்ஸ்கியின் மது அடுத்தும் நின்றன.

புகழோடு வழக்கும் வந்தது. 'ஸ்டாக்ஸ் லீப்' என்பது அப்பகுதியின் பழம்பெயர். மான் பாய்ந்த இடம் என்று பொருள்படும். வினியார்ஸ்கியும் அண்டையிலிருந்த மற்றொருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தத்தம் மதுச்சாலைக்கு அப்பெயரையே சூட்டியிருந்தனர். நெடுநாள் நடந்த வழக்கின் முடிவில், உடைமைப் பொருளைக் காட்டும் சிறு குறியை ஒருவர் ஒருமைக்குரிய இடத்திலும் மற்றவர் பன்மைக்குரிய இடத்திலும் இட்டு எழுதுவதாக ஏற்பட்டது! இலக்கணம் கற்பிப்போர் இதனை வகுப்பறையில் எடுத்துக்காட்டலாம். பகை தீர்ந்ததன் அடையாளமாக இருவரும் 1985ஆம் ஆண்டு விளைச்சலில் தம் மதுவைக் கலந்து, உடன்பாடு என்று பொருள்படும் பெயரில் வெளியிட்டனர். அந்த வட்டாரமே 1989இல் தனி மதுநிலப் பகுதியாகச் சட்டப்படி வரையறுக்கப்பட்டது.

2007இல் மதுச்சாலையை வினியார்ஸ்கி 18 கோடியே 50 இலட்சம் டாலருக்கு விற்றார். நாப்பாவின் விளைநிலத்தைக் கட்டடங்கள் விழுங்காதவாறு 1968இல் ஏற்பட்ட வேளாண் காப்புச் சட்டத்துக்குத் தொடக்கத்திலிருந்தே துணை நின்ற அவர், இறுதிவரை அதற்காகப் பேசினார். 2024 ஜூன் மாதம், தம் 95ஆம் வயதில் மறைந்தார். பாரிசில் வென்ற ஆண்டின் மதுப்புட்டி ஒன்று வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நேத்தன் ஃபே பாரிசுக்கு எந்த மதுவையும் அனுப்பியவர் அல்லர். 1986இல் அவருடைய தோட்டம் விலைக்கு வந்தபோது வினியார்ஸ்கி அதனை வாங்கினார். அண்டை நிலமாயினும் இரண்டின் இயல்பும் வேறு. தம் தோட்டத்துப் பழத்தில் நெருப்பும், ஃபே தோட்டத்துப் பழத்தில் நீரும் இருப்பதாக அவர் சொல்வதுண்டு. ஆகவே இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடாமல், 1990ஆம் ஆண்டு விளைச்சலிலிருந்து அத்தோட்டத்து மதுவைத் தனியே புட்டியில் அடைத்து, 'ஃபே' என்னும் பெயரையே அதன்மேல் பொறித்தார்.