எதிர்ப்புரட்சியா, மக்கள் எழுச்சியா? ஹங்கேரி வரலாற்றில் 1989 ஆம் ஆண்டு

ஐரோப்பாவின் கிழக்குப் பாகத்திலே 1989 ஆம் ஆண்டில் நிகழ்ந்த மாற்றங்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பேர்லின் மதிலின் வீழ்ச்சியையே முதற்கண் குறிப்பிடுவர். அம்மதில் வீழ்ந்தது அவ்வாண்டு நவம்பர் 9 ஆம் திகதி. அதற்கு ஒன்பது மாதங்களுக்கு மேலாக முன்னரே ஹங்கேரி நாட்டிற் கம்யூனிஸ்ட் ஆட்சியின் அத்திவாரம் அசையத் தொடங்கிவிட்டது. அங்கு வழக்கு நிகழ்ந்தது ஒரு சொல்லைப் பற்றி. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்ததோர் நிகழ்ச்சியை எப்பெயரால் அழைப்பது என்பதே அவ்வாண்டின் அரசியலுக்கு ஊடாக ஓடிய வினாவாகும். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்போர், அவ்வாண்டின் நிகழ்ச்சிகளைச் சிறிது நிதானித்து நோக்குதல் வேண்டும்.

1956 ஆம் ஆண்டு ஒக்டோபர் 23 ஆம் திகதி புடாபெஸ்ட் நகர மாணவர்கள் தொடங்கிய ஊர்வலம் சில மணி நேரத்துள் ஆயுதப் போராக மாறியது. ராக்கோசி என்பாரின் கொடுங்கோன்மையால் மனங் கசந்திருந்த தொழிலாளரும் மாணவரோடு சேர்ந்தனர். பிரதம மந்திரியாக அழைக்கப்பட்ட இம்ரே நாகி, இளமை தொட்டுக் கம்யூனிஸ்டாக வாழ்ந்தவர். பல ஆண்டுகள் மொஸ்கோவிற் கழித்தவர். அவரே நவம்பர் முதலாந் திகதி வார்சோ ஒப்பந்தத்தினின்றும் தம் நாடு விலகுகிறதென்றும், இனி அது நடுநிலை நாடென்றும் அறிவித்தார். நவம்பர் 4 ஆம் திகதி விடியுமுன் சோவியத் படைகள் தலைநகரை இரண்டாம் முறையாகத் தாக்கின. மாண்ட ஹங்கேரியர் சுமார் 2,500 பேர். நாட்டை விட்டோடியோர் ஏறக்குறைய இரண்டு இலட்சம். யுகோசிலாவியத் தூதரகத்திற் புகலடைந்திருந்த நாகி, உயிருக்குத் தீங்கு நேராதென்று எழுத்திலே கொடுக்கப்பட்ட உறுதியை நம்பி வெளியே வந்தபொழுது பிடிக்கப்பட்டு ருமேனியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். பின்னர் இரகசிய விசாரணை நடைபெற்றது. கருணை மனுச் செய்ய அவர் மறுத்துவிட்டார். 1958 ஆம் ஆண்டு யூன் 16 ஆம் திகதி, தமது அறுபத்திரண்டாம் வயதில், பால் மலேத்தர், மிக்லோஸ் கிமெஷ் ஆகிய இருவரோடு தூக்கிலிடப்பட்டார்.

சோவியத் படையின் துணையோடு ஆட்சிக்கு வந்தவர் யானோஸ் காடார். நவம்பர் முதலாந் திகதி வானொலியிற் பேசியபொழுது இவரும் நடந்ததனை மக்களின் புகழ் வாய்ந்த எழுச்சியென்றே போற்றினார் என்பது இங்கு நினைக்கத்தக்கது. ஏறக்குறைய ஒரு மாதத்தின் பின் அவருடைய கட்சி அதனை 'எதிர்ப்புரட்சி' என்று தீர்ப்பளித்தது. காரணங்களும் நான்கு என வகுத்துரைக்கப்பட்டன: ராக்கோசி கூட்டத்தின் பிழைகள், நாகி குழுவினரின் துரோகம், பழைய நிலப்பிரபுக்களும் முதலாளிகளும் செய்த சூழ்ச்சி, அந்நிய ஏகாதிபத்தியத்தின் தூண்டுதல். பரீட்சைக்குப் படிக்கும் மாணவனுக்கு இத்தகைய பட்டியல் மிக வசதியானது. அவ்வசதியே அதன்மேல் ஐயங்கொள்ளப் போதிய காரணமுமாகும்.

இச்சொல் ஆட்சியாளருக்கு ஏன் இத்துணை இன்றியமையாததாயிற்று? நடந்தது எதிர்ப்புரட்சியாயின், அந்நியப் படையை அழைத்தது சோஷலிசத்தைக் காத்த செயலாகும்; தூக்கு மேடை நீதியின் கருவியாகும்; காடாரின் ஆட்சி முறையான ஆட்சியாகும். நடந்தது மக்கள் எழுச்சியாயின், இவை மூன்றும் ஒருங்கே கவிழ்ந்துவிடும். ஆகவே அச்சொல்லின்மீது ஒரு கேள்வியும் எழாதவாறு முப்பது ஆண்டுகள் காவல் செய்யப்பட்டது.

நாட்டிற்கு வெளியே அக்காவல் செல்லவில்லை. இவ்விடயத்தில் நம் நாட்டிற்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு. இலங்கையும் ஹங்கேரியும் ஐக்கிய நாடுகள் தாபனத்தில் ஒரே நாளிலே, 1955 ஆம் ஆண்டு டிசெம்பர் 14 ஆம் திகதி, அங்கத்துவம் பெற்றவை. 1957 இல் ஹங்கேரி நிகழ்ச்சிகளை ஆராயப் பொதுச்சபை நியமித்த விசேட குழுவில் அவுஸ்திரேலியா, டென்மார்க், தூனிசியா, உருகுவே என்பவற்றோடு இலங்கையும் இடம் பெற்றது. நம் சார்பில் அமர்ந்தவர் ஆர். எஸ். எஸ். குணவர்த்தன. குழுவினரை ஹங்கேரிக்குள் விட அந்நாட்டரசாங்கம் மறுத்தமையால், அவர்கள் நாட்டைவிட்டு வெளியேறிய 111 சாட்சிகளை விசாரித்து, நடந்தது தானாகக் கிளர்ந்த தேசிய எழுச்சியே என ஒருமனதாக முடிவு கூறினர். புடாபெஸ்டில் அதிகாரபூர்வமாகச் சொல்லக் கூடாதிருந்ததை 1957 ஆம் ஆண்டிலேயே ஓர் இலங்கையர் ஒப்பமிட்டுக் கூறியுள்ளார்.

காடாரின் ஆட்சி பின்னர் இளகியது என்பதை மறைத்தல் நேர்மையன்று. எதிர்க்காதவர் அனைவரும் நம்மவரே என்ற கொள்கையை அவர் கைக்கொண்டார். 1963 இல் பொது மன்னிப்பு வழங்கப்பட்டது. 1968 இல் பொருளாதாரச் சீர்திருத்தம் வந்தது. அயல் நாட்டவர் பொறாமைப்படுமளவுக்குக் கடைகளிற் பொருள்கள் நிறைந்தன. இதற்கெல்லாம் மக்கள் கொடுத்த விலை மௌனம் ஒன்றே. தூக்கிலிடப்பட்டோரின் உடல்கள் தலைநகரின் ஓரத்திலுள்ள சேமக்காலையின் 301 ஆம் இலக்கப் பகுதியிற் கிடந்தன. நாகியின் உடல் தார்க் கடதாசியிற் சுற்றப்பட்டு, கம்பியாற் கட்டப்பட்டு, முகங் குப்புற வைத்துப் புதைக்கப்பட்டது. பதிவேட்டிலே ஒரு பெண்ணின் பெயர் எழுதப்பட்டது. அவ்விடத்திற் புதரும் களையும் மண்டின.

எண்பதுகளில் அந்நியக் கடன் பெருகிச் சுமார் 2,000 கோடி டொலரை எட்டியது. கடைகளிற் கிடைத்த பொருளும் அருகியது. மௌனத்துக்குக் கொடுத்த விலை குறையவே மௌனமும் கலைந்தது. மொஸ்கோவிலே கொர்பச்சேவ் ஆட்சி செய்தமையால், மீண்டும் படை வருமென்ற அச்சமும் நாளடைவில் தணிந்தது. 1988 மே மாதத்திற் காடார் பொதுச்செயலாளர் பதவியை இழக்க, கரோலி குரோஸ் அப்பதவிக்கு வந்தார். எனினும் அவ்வாண்டு யூன் 16 ஆம் திகதி நாகியின் நினைவாகத் தெருவிற் கூடியோரைப் பொலிசார் அடித்துக் கலைத்தனர். சரியாக ஓராண்டின் பின் அதே திகதியில் நடந்தது என்னவென்பதைக் கீழே காண்போம்.

கட்சி தன் கடந்த காலத்தை ஆராய ஒரு வரலாற்றுக் குழுவை அமைத்திருந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் விஞ்ஞானக் கழகத்தின் தலைவரும் பொருளாதார வரலாற்றறிஞருமான இவான் பெரெண்ட். அக்குழுவின் ஆராய்ச்சி வெளிவருமுன், 1989 சனவரி 28 ஆம் திகதி, குரோஸ் சுவிற்சலாந்துக்குச் சென்றிருந்த வேளையில், அரசாங்க மந்திரியும் கட்சியின் உயர்பீட உறுப்பினருமாகிய இம்ரே பொஷ்காய் வானொலியிலே ஒரு செய்தியைச் சொன்னார். 1956 இல் நடந்ததனைத் தம் குழு ஒரு மக்கள் எழுச்சியாகவே காண்கின்றது என்பதே அச்செய்தி. உள்ளக் கிளர்ச்சியாற் கூறினாரோ, தம் அரசியல் எதிர்காலத்தைக் கருதிக் கூறினாரோ என ஆராய்வோர் உளர். இரண்டும் இருந்திருக்கலாம். கூறிய சொல்லைத் திரும்ப எடுத்தல் இயலாதென்பதை அவர் அறிந்தே கூறினார் என்பதில் ஐயமில்லை.

பெப்ரவரி 10, 11 ஆம் திகதிகளிற் கூடிய மத்திய குழு பொஷ்காயைத் தண்டிக்கவுமில்லை; அவர் சொல்லை முற்றாக ஏற்கவுமில்லை. முதலில் எழுச்சி, ஒக்டோபர் இறுதியில் எதிர்ப்புரட்சிச் செயல்கள் என்று இரண்டையும் ஒட்டுப்போட்டு ஓர் அறிக்கை செய்தது. அதே கூட்டத்திலேயே பல கட்சி முறையையும் ஏற்றுக்கொண்டது. இவ்விரண்டு முடிவுகளும் ஒரே கூட்டத்திற் பிறந்தமை தற்செயலன்று. பழைய சொல்லைக் கைவிட்ட கட்சிக்குத் தான் மாத்திரமே ஆளவேண்டுமென்பதற்குச் சொல்ல நியாயம் எதுவும் மிஞ்சவில்லை.

மார்ச் இறுதியில் 301 ஆம் பகுதியிலே மண்ணைத் தோண்டத் தொடங்கினர். ஏப்பிரில் 12 ஆம் திகதி மத்திய குழுவின் மூடிய கூட்டத்தில், எழுபத்தாறு வயதான காடார் அழையாமலே எழுந்து நெடுநேரம் பேசினார். நோயாலும் மூப்பாலும் அவர் பேச்சுத் தொடர்பற்று அலைந்தது. தம்மை வருத்தும் அந்த மனிதரைப் பற்றி மீண்டும் மீண்டும் பேசியவர், நாகி என்ற பெயரை மட்டும் வாயினாற் சொல்லவில்லை. ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், விருந்து மண்டபத்திலே பிறர் கண்ணுக்குப் புலனாகாத ஆவியைக் கண்டு நடுங்கும் அரசனின் காட்சியை இங்கு நினைவு கூர்வர். மே மாதத்தில் அவர் எஞ்சிய பதவிகளினின்றும் நீக்கப்பட்டார்.

யூன் 16 ஆம் திகதி வெள்ளிக்கிழமை. புடாபெஸ்டின் வீரர் சதுக்கத்திலுள்ள கலைமண்டபத்தின் தூண்கள் கறுப்பும் வெள்ளையுமான துணியாற் போர்த்தப்பட்டிருந்தன. படிகளின்மீது ஆறு பேழைகள் வைக்கப்பட்டன. நாகி, மலேத்தர், கிமெஷ், விசாரணை முடியுமுன் சிறையில் இறந்த கேசா லொஷொன்சி, தனியே தூக்கிலிடப்பட்ட யோசெப் சிலாகி ஆகிய ஐவருக்கும் ஐந்து. பெயரறியாது மடிந்தோர் அனைவருக்குமாக வெறும் பேழை ஒன்று. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் திரண்டனர். எஞ்சியோர் வீட்டிலிருந்து தொலைக்காட்சியிற் பார்த்தனர். பிரதம மந்திரி மிக்லோஸ் நேமெத், பாராளுமன்றத் தலைவர் மாத்யாஸ் சூரோஷ், பொஷ்காய் முதலியோர் பேழைகளின் அருகே காவல் நின்றனர்; கட்சியின் பெயராலன்றி அரசாங்கத்தின் பெயராலேயே நின்றனர். முந்திய ஆண்டு அடி வாங்கியோர் அன்று மேடையில் இருந்தனர்.

இறுதியிற் பேசியோருள் ஒருவர் இருபத்தாறு வயது இளைஞர் விக்டர் ஓர்பான். சோவியத் படைகள் வெளியேற வேண்டுமென அவர் வெளிப்படையாகக் கேட்டதோடு, நேற்றுவரை பழித்துவிட்டு இன்று பேழையைத் தொட முண்டியடிப்போரையும் சாடினார். அவர் பின்னாளிற் பிரதம மந்திரியானார். அவர் ஆட்சியிலேயே, 2018 டிசெம்பரில், பாராளுமன்றத்துக்கு அண்மையிலிருந்த நாகியின் சிலை வேறிடத்துக்கு அகற்றப்பட்டது. சேமக்காலையிலே தூக்கிலிடப்பட்டோரின் பெயர்கள் ஒவ்வொன்றாக, வயதோடும் தொழிலோடும் வாசிக்கப்பட்டன. அவர்களுட் பெரும்பாலோர் தொழிலாளர். தொழிலாளர் அரசு தூக்கிலிட்ட தொழிலாளரின் அப்பட்டியலுக்குப் பின், நான்கு காரணங்களை எவரும் மனனஞ் செய்யவேண்டியதில்லையாயிற்று.

யூலை 6 ஆம் திகதி உயர் நீதிமன்றம் நாகிக்கு விதித்த தீர்ப்பை இரத்துச் செய்தது. அன்று காலையிலேயே காடார் இறந்துவிட்டார். நீதிமன்றத்திலே வழக்கு நடந்துகொண்டிருக்கையில் அச்செய்தி ஒரு துண்டுக் கடதாசியிற் கைக்குக் கை சென்றது. நாடகாசிரியர் ஒருவர் இவ்வாறு எழுதினால் மிகையென்று கழித்துவிடுவோம். ஆயினும் காடாரின் பேழையைக் காணவும் பல்லாயிரவர் வரிசையில் நின்றனர் என்பதை விட்டுவிடலாகாது. நாகிக்காகக் கண்ணீர் விட்டவருள்ளும் சிலர் அவ்வரிசையில் நின்றிருப்பர். முப்பது ஆண்டுகள் ஒரு மனிதரின் ஆட்சியிலே பிள்ளை வளர்த்து வீடு கட்டிய மக்களின் நெஞ்சம் ஒரே நிறமுடையதன்று.

எல்லைச் செய்தி யாவரும் அறிந்தது. மே மாதத்தில் ஒஸ்திரிய எல்லையின் முட்கம்பி வேலியை அகற்றத் தொடங்கினர். ஓகஸ்ட் 19 ஆம் திகதி சோப்ரோன் நகருக்கருகே நடந்த ஒன்றுகூடலின்போது அறுநூறுக்கு மேற்பட்ட கிழக்கு ஜேர்மனியர் எல்லை கடந்தனர். செப்டெம்பர் 11 ஆம் திகதி அவர்களுக்கு எல்லை முற்றாகத் திறக்கப்பட்டது. பேர்லின் மதிலுக்கு இதுவே கோடரி.

உள்நாட்டிலே யூன் 13 ஆம் திகதி தொடங்கிய வட்டமேசைப் பேச்சுகள் செப்டெம்பர் 18 ஆம் திகதி உடன்படிக்கையாயின. ஒக்டோபர் 7 ஆம் திகதி ஆளுங் கட்சி தன்னைத் தானே கலைத்துவிட்டுப் புதுப் பெயர் பூண்டது. அரசியல் யாப்புத் திருத்தப்பட்டு, ஒக்டோபர் 23 ஆம் திகதி நண்பகலில், பாராளுமன்றச் சாளரத்தில் நின்று சூரோஷ் ஹங்கேரிக் குடியரசைப் பிரகடனஞ் செய்தார். எழுச்சி தொடங்கிய திகதியே குடியரசு பிறந்த திகதியாயிற்று.

பொஷ்காயின் கதை இவ்வளவு சிறப்பாக முடியவில்லை. மக்களால் நேரே தெரிவு செய்யப்படும் முதற் குடியரசுத் தலைவராக அவர் வருவார் எனப் பலரும் எதிர்பார்த்தனர். உடன்படிக்கையில் ஒப்பமிட மறுத்த சுதந்திர சனநாயகவாதிகளும் இளஞ் சனநாயகவாதிகளும், பாராளுமன்றத் தேர்தலின் பின்னரே தலைவரைத் தெரிதல் வேண்டுமெனக் கேட்டுக் குடியொப்பம் கோரினர். நவம்பர் 26 ஆம் திகதி நடந்த வாக்கெடுப்பில் அவர்கள் பெற்றது 50.07 சதவீதம். நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளுள் வித்தியாசம் ஆறாயிரம் அளவே. பழைய சொல்லை உடைத்தவர் அவ்வுடைவினால் வந்த சுதந்திரத்தாலேயே பதவியை இழந்தார்.

அவர் மொழிந்த சொல்லும் நிலைக்கவில்லை. 1990 வசந்த காலத்தில் நடந்த சுதந்திரத் தேர்தலின் பின், மே 2 ஆம் திகதி கூடிய புதிய பாராளுமன்றம் தன் முதற் சட்டத்தை 1956 ஆம் ஆண்டைப் பற்றியே இயற்றியது. அச்சட்டத்தில் 'எதிர்ப்புரட்சி' இல்லை. 'மக்கள் எழுச்சி'யும் இல்லை. 'புரட்சியும் விடுதலைப் போரும்' என்றே எழுதப்பட்டது.