காட்சிப்பேழையில் இல்லாதவர்கள்

வேல்ஸ் நாட்டின் வெல்ஷ்பூல் நகரருகே, குன்றின்மீது செந்நிறக் கற்களால் எழுந்து நிற்கிறது போவிஸ் கோட்டை. அதனடியில் படிப்படியாக இறங்கும் தோட்டமும், முகில்போலக் கத்தரிக்கப்பட்ட யூ மரங்களும், அப்பால் விரியும் பூங்காவெளியும் காண்போர் உள்ளத்தை அமைதியில் ஆழ்த்தும்.

உள்ளே கிளைவ் அருங்காட்சியகம். ராபர்ட் கிளைவும் அவர் மகன் எட்வர்டும் சேர்த்த கீழைநாட்டுப் பொருள்கள் முந்நூறுக்கும் மேல் அங்குள்ளன. திப்பு சுல்தானின் பூவேலை நிறைந்த பருத்திக் கூடாரமும், அவரது அரியணையை அணிசெய்த பொற்புலித் தலை ஒன்றும் அவற்றுள் அடங்கும். 1799-இல் திப்பு வீழ்ந்தபோது சென்னையின் ஆளுநர் எட்வர்டே. அவர் 1784-இல் மணந்த ஹென்றியெட்டா இக்கோட்டைக் குடும்பத்துப் பெண். அவ்வழியே நம் நாட்டுச் செல்வம் இங்குக் குடியேறியது. சென்னையிலுள்ள ராஜாஜி மண்டபமும், திப்புவை வென்ற நினைவாக அவர் எழுப்பியதே.

அவருடைய ஆட்சிக்காலத்தில்தான் 1799-இல் கயத்தாற்றில் கட்டபொம்மனும், 1801-இல் திருப்பத்தூரில் மருது சகோதரர் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். சருகணி ஆலயத்துக்கு மருது மன்னர் அளித்த கொடையை நம் மக்கள் இன்றும் நன்றியுடன் நினைக்கின்றனர்.

துணியையும் பொன்னையும் கப்பலேற்றலாம். மாண்டோரின் மூச்சைக் கப்பலேற்ற இயலுமா? கொண்டுவரக் கூடியதை மட்டுமே அருங்காட்சியகம் காட்டும். தோட்டத்தின் அழகைப் பழிப்பதால் பயனில்லை. ஆயினும், அக்கூடாரத்தின் முன் நிற்கும் தமிழர், பேழையில் இடம்பெற இயலாத அம்மூவரையும் எண்ணி ஒரு கணம் தலைவணங்குவாரானால், அவர் கண்ட வரலாறு முழுமை பெறும்.