ஒரு நாளில் போய்வர முடியாத அருவி



போன அரையாண்டு லீவுக்கு முன்னால் தென்காசியிலிருந்து அத்தான் போன் பண்ணினார். குடும்பத்தோடு அந்தமான் வருகிறார்களாம், மொத்தம் ஐந்து நாள். நாள்வாரியாகப் பட்டியலே போட்டு வைத்திருந்தார். முதல் நாள் செல்லுலார் சிறை. இரண்டாம் நாள் ஹேவ்லாக் (2018 டிசம்பரிலிருந்து சுவராஜ் தீவு). மூன்றாம் நாளுக்கு நேராக, "அருவி. காலை போய் இரவு திரும்புதல்."

"மாப்ள, அங்க அருவி ஏதும் உண்டுல்லா?"

"உண்டு அத்தான், ஒண்ணில்ல, ரெண்டு இருக்கு. ஆனா ஒரு நாள்ல போயிட்டு வர முடியாது."

"ஏன், எவ்வளவு தூரம்?"

"நூத்தி இருபது கிலோமீட்டர்."

"நம்ம ஊர்லேருந்து மதுரை அதைவிட தூரம். காலைல போயி ராத்திரி வீட்டுல சாப்பிடுதோமே!"

"அத்தான், நடுவுல ரோடு இல்ல. கடல்."

இந்த ஊருக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து இதே கேள்விக்குப் பலமுறை பதில் சொல்லியாயிற்று. ஊரிலிருந்தும் கேட்கிறார்கள், துபாய், சிங்கப்பூரில் இருக்கும் நம்மவர்களும் கேட்கிறார்கள். குற்றாலத்தில் குளித்து வளர்ந்தவர்களுக்கு எங்கே போனாலும் ஒரு அருவி வேண்டியிருக்கிறது, நானும் அப்படித்தான். அதனால் இந்த முறை விவரமாகவே எழுதிவிடுகிறேன். பயணத் திட்டத்தோடு சரித்திரமும் சேர்ந்து வரும். அதை விட்டுவிட்டு இந்த அருவியைப் பற்றிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அருவிகள் இருப்பது லிட்டில் அந்தமான் தீவில். போர்ட் பிளேருக்குத் தெற்கே, டங்கன் நீர்ச்சந்தியைத் தாண்டி இருக்கிறது. (போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். கடைத்தெருவில் இன்னும் பழைய பெயர்தான் புழங்குகிறது.) லிட்டில் அந்தமானுக்கும் தெற்கே பத்து டிகிரி கால்வாய். அதற்கப்பால் நிக்கோபார், அதாவது ராஜேந்திர சோழனின் கடற்படையெடுப்பைச் சொல்லும் தஞ்சைக் கல்வெட்டில் வருகிற நக்கவாரம்.

முதலில் நேரக் கணக்கைப் பார்த்துவிடுவோம். போர்ட் பிளேரிலிருந்து லிட்டில் அந்தமானின் துறைமுகமான ஹட் பேக்கு அரசுக் கப்பலில் ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். விடிகாலையில் ஏறினாலும் இறங்கும்போது மதியம் தாண்டிவிடும். இந்தியாவுக்கெல்லாம் ஒரே கடிகாரம் என்பதால் இங்கே டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. ஆக, அருவிக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம்கூட இல்லை. அன்றைக்கே திரும்பக் கப்பலும் கிடைக்காது. ஹெலிகாப்டர் உண்டு, ஆனால் இடம் கிடைக்க வேண்டும், வானிலையும் ஒத்துழைக்க வேண்டும். அதை நம்பி ஊருக்குத் திரும்பும் விமான டிக்கெட்டைப் போட்டு வைக்காதீர்கள்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அருவியில் தண்ணீர் கொட்டுவது மழைக்காலத்தில். அப்போதுதான் கடலும் கொந்தளிக்கும், கப்பலை ரத்து செய்வார்கள். கடல் அமைதியாகும்போது அருவி மெலிந்துவிடுகிறது. மழை விட்ட கையோடு டிசம்பர், ஜனவரியில் போனால் இரண்டும் ஓரளவு ஒத்துவரும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஆங்கிலேயர்கள் 1858 மார்ச்சில் 200 கைதிகளுடன் போர்ட் பிளேருக்கு வந்து குடியேற்றத்தைத் தொடங்கினார்கள். ஆனால் லிட்டில் அந்தமான் அதன் பிறகும் ஏறக்குறைய முப்பது வருஷம் யாருக்கும் வழிவிடவில்லை. அங்கே இருந்தவர்கள் ஓங்கே மக்கள். காட்டுப்பன்றி, மீன், தேன், கிழங்கு என்று காடும் கடலும் கொடுத்ததை உண்டு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்தவர்கள்.

1867 மார்ச்சில் அஸ்ஸாம் வேலி என்ற கப்பலின் கேப்டனும் மாலுமிகள் ஏழு பேரும் தீவின் தென்பகுதியில் கரை இறங்கினார்கள். திரும்பி வரவில்லை. அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க, 1867 மே 7 அன்று 24-வது ரெஜிமென்ட் சிப்பாய்களை அனுப்பினார்கள். கரையில் சண்டை மூண்டது. துப்பாக்கித் தோட்டா தீரும் நிலை. பேரலைகளில் படகு சிக்கி, இறங்கியவர்கள் திரும்ப வழியில்லாமல் நின்றார்கள். டாக்டர் கேம்பல் டக்ளஸ் என்ற ராணுவ மருத்துவரும் நான்கு சிப்பாய்களும் சின்னப் படகை அலைக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப்போய் 17 பேரை மீட்டார்கள். ஐந்து பேருக்கும் விக்டோரியா கிராஸ் கிடைத்தது. எதிரியோடு போரிட்டதற்காக இல்லாமல், கடலில் காட்டிய துணிச்சலுக்காக அந்தப் பதக்கம் கொடுக்கப்பட்ட மிகச் சில சந்தர்ப்பங்களில் இதுவும் ஒன்று.

அது வீரம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அன்றைக்குக் கரையில் செத்த ஓங்கேக்கள் தங்கள் வீட்டு வாசலில் செத்தவர்கள். அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

1880-களின் நடுவில் எம்.வி.போர்ட்மன் என்ற அதிகாரி வேறு வழியைப் பிடித்தார். ஓங்கேக்கள் சிலரைப் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்து, பரிசுப் பொருள்கள் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். கொஞ்சம் கொஞ்சமாக அம்புகள் ஓய்ந்தன. சமாதானம் ஆயிற்று என்று எழுதினார்கள்.

சமாதானத்துக்கு அப்புறம் என்ன நடந்தது? நான் காமர்ஸ் படித்தவன், பேங்க்கில் தினமும் எண்களோடு மாரடிப்பவன். எண்களையே சொல்லிவிடுகிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி ஓங்கே மக்கள் 1901-ல் 672 பேர். 1931-ல் 250. 1951-ல் 150. 1971-ல் 112. 2011-ல் 101. நூற்றுப்பத்து வருஷத்தில் எண்பத்தைந்து சதவீதம் குறைவு. பெருஞ்சண்டை ஏதும் நடக்காமலே இந்தக் குறைவு. வெளியாரிடமிருந்து தொற்றிய நோய்கள்தான் பெரிய காரணம். அவற்றை எதிர்க்கும் சக்தி அவர்கள் உடம்பில் கிடையாது. பகையாக இருந்தவரை பிழைத்திருந்தவர்கள், பழகிய பிறகு தேய்ந்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1956-ல் பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1957-ல் தீவு முழுவதும் ஓங்கேக்களின் ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. நல்ல தொடக்கம்தான். ஆனால் 1965-ல் மத்திய புனர்வாழ்வு அமைச்சகம் அமைத்த குழு வேறொரு திட்டம் போட்டது. லிட்டில் அந்தமான் காட்டில் 40 சதவீதத்தை வெட்டித் திருத்தி, 12,000 குடும்பங்களைக் குடியேற்றி, தென்னை, பாக்கு, எண்ணெய்ப்பனை வளர்ப்பது என்பது யோசனை. அதற்குத் தோதாக 1972-லும் 1977-லும் இரண்டு தவணையாக, சுமார் 20,000 ஹெக்டேர், அதாவது தீவில் ஏறக்குறைய முப்பது சதவீதம், ஒதுக்கிடத்திலிருந்து விடுவிக்கப்பட்டது.

12,000 குடும்பங்கள் வரவில்லை. வந்தவர்களையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வீடுவாசலை இழந்து ஓடிவந்த வங்காளிகள். கார் நிக்கோபாரிலிருந்து வந்து ஹர்மிந்தர் பேயில் குடியேறிய நிக்கோபாரிகள். காட்டுவேலைக்கு அழைத்து வரப்பட்ட ராஞ்சிக்காரர்கள். நம்ம ஆட்களுக்கும் இதே மாதிரி கதை உண்டு. இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றை 1970-களில் நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரு இடத்தில் விரட்டப்பட்டவனை இன்னொருவன் காட்டில் குடிவைப்பது, சர்க்கார் கோப்பில் வெறும் 'காலி நிலம்' என்று இருந்திருக்கும்.

ஹட் பேயிலிருந்து வடக்கே கிழக்குக் கரையோரமாக ஓடும் சாலை இப்படித்தான் உயிர்பெற்றது. காடு வெட்டினார்கள். தடி இழுக்க யானைகள் வந்தன. ஏறத்தாழ 1,600 ஹெக்டேரில் எண்ணெய்ப்பனை நட்டார்கள். ஓங்கேக்கள் வடகிழக்கில் டுகாங் கிரீக், தெற்கே சவுத் பே என்ற இரண்டு குடியிருப்புகளில் தங்கவைக்கப்பட்டு, அரிசியும் பருப்பும் சர்க்காரிடம் வாங்கும் நிலைக்கு வந்தார்கள். மரம் வெட்டுவதை எதிர்த்த வழக்கில், உச்ச நீதிமன்றம் நியமித்த ஷேகர் சிங் குழுவின் பரிந்துரைகளை ஏற்று 2002 மே 7 அன்று உத்தரவு வந்தது. லிட்டில் அந்தமானில் மரவெட்டும் எண்ணெய்ப்பனை விரிவாக்கமும் நின்றன.

தேதியைக் கவனித்தீர்களா? அந்தத் துப்பாக்கிச் சண்டையும் மே 7, இந்த உத்தரவும் மே 7. நடுவில் 135 வருஷம்.

2004 டிசம்பர் 26. சுனாமி ஹட் பேயைப் புரட்டிப் போட்டது. கரையோரக் கடைத்தெரு, வீடுகள், ஜெட்டி எல்லாம் அடிபட்டன. ஓங்கேக்கள் கடல் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்ததும் மேட்டுக்காட்டுக்குள் போய்விட்டார்கள். அவர்களில் யாரும் சாகவில்லை. அதே மக்களில் எட்டுப் பேர், 2008 டிசம்பரில் கரை ஒதுங்கிய ஒரு கேனில் இருந்த திரவத்தை மது என்று நினைத்துக் குடித்து இறந்துபோனார்கள். சுமார் நூறு பேரில் எட்டுப் பேர். நம் தெருவில் பன்னிரண்டு பேருக்கு ஒரு சாவு என்றால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். பூகம்பத்தின் குணம் அவர்களுக்குப் பரம்பரையாகத் தெரிந்திருந்தது. பிளாஸ்டிக் கேனின் குணத்தைச் சொல்லித்தர அவர்களுக்குப் பாட்டன் இல்லை.

கதை முடிந்துவிடவில்லை. நிதி ஆயோக் தயாரித்த ஒரு தொலைநோக்குத் திட்டம் 2021-ல் செய்திகளில் வெளிவந்தது. லிட்டில் அந்தமானில் சுமார் 240 சதுர கிலோமீட்டரில், அதாவது தீவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், சிங்கப்பூர், ஹாங்காங்குக்கு இணையாகப் புதிய நகரம் கட்டும் யோசனை. நிதி வட்டாரம், மருத்துவ நகரம், உல்லாச வட்டாரம் என்று பிரித்திருந்தார்கள். அங்கிருந்த வனத்துறை அதிகாரியே முந்தைய வருஷம் ஆட்சேபித்துக் குறிப்பு எழுதியிருந்தார். 1965-ல் தென்னையும் பனையும். 2021-ல் கண்ணாடிக் கட்டடம். பயிர்தான் மாறியிருக்கிறது, நிலத்தைப் பார்க்கும் பார்வை மாறவில்லை.

அத்தான் குடும்பம் வந்தது. ஹேவ்லாக்கை அடித்துவிட்டு, மூன்று நாளை ஹட் பேக்கு ஒதுக்கினோம். போக நினைப்பவர்களுக்கு நாங்கள் செய்த ஏற்பாடு இதோ.

முதல் நாள் கப்பல், போய் இறங்கி ஓய்வு. கப்பல் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். வாந்தி மாத்திரை கட்டாயம் வேண்டும்.

இரண்டாம் நாள் காலை ஒயிட் சர்ஃப் அருவி. ஜெட்டியிலிருந்து ஆறேழு கிலோமீட்டர், ஆட்டோ போகும். விஸ்பர் வேவ் அருவி இன்னும் உள்ளே, சுமார் 20 கிலோமீட்டர். அதில் கடைசிப் பகுதி காட்டுக்குள் நடை. வழிகாட்டி இல்லாமல் போக வேண்டாம். அட்டைப் பூச்சிக்கு உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். கழிமுகப் பக்கம் முதலை உண்டு, பலகையில் எழுதியிருப்பதை மதியுங்கள். சாயங்காலம் பட்லர் பே கடற்கரை.

மூன்றாம் நாள் திரும்பும் கப்பல். அதற்கு அடுத்த நாளும் கையில் இருக்கட்டும், கடல் நம் பேச்சைக் கேட்காது. வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அனுமதி விதிகளைக் கிளம்பும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

டுகாங் கிரீக், சவுத் பே பக்கம் போகவே கூடாது. அது ஒதுக்கிடம். யாராவது "காட்டுறேன் வாங்க" என்று கூப்பிட்டாலும் கூடாது. சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. நம் ஒரு தும்மல் அவர்களுக்கு என்ன செய்யும் என்பதை மேலே இருக்கும் எண்கள் சொல்கின்றன.

ஒயிட் சர்ஃபில் அத்தான் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்து நின்றார். "ஐந்தருவியில ஒரு அருவிக்குக் காணாது மாப்ள" என்று சொல்லிக்கொண்டே ஒரு மணி நேரம் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றார் :-)

பாறையில் உட்கார்ந்திருந்த மருமகள் எட்டாம் வகுப்பு. அவள்தான் கேட்டாள். "மாமா, ரெண்டு அருவிக்கும் இங்கிலீஷ் பேரு. அதுக்கு முன்னால இதுக்குப் பேரே இல்லையா?"

"இருந்திருக்கும்மா. இந்தத் தீவுக்கே அவங்க வச்ச பேர் காவ்போலாம்பே" என்றேன்.

இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். திரும்பும் கப்பலில் அத்தான் தன் பட்டியலை எடுத்து, எந்தச் செலவு எவ்வளவு என்று கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அதை வாங்கி, "அருவி. காலை போய் இரவு திரும்புதல்" என்பதை அடித்துவிட்டு, மேலே "காவ்போலாம்பே - மூன்று நாள்" என்று எழுதிக் கொடுத்தாள்.