கொல்லி மலையும் கூத்தர் பெயரும்

கொல்லி மலை என்றவுடன் நம்மனோர் உள்ளத்தில் எழுவது வல்வில் ஓரியின் பெயரேயாம். செம்மேட்டில் அவனுக்குச் சிலையுண்டு. ஆண்டுதோறும் ஆடித் திங்கள் 17, 18 ஆகிய நாட்களில் அரசினர் அவன் பெயரால் விழா எடுக்கின்றனர். 70 கொண்டையூசி வளைவுகளையும் கடந்து மக்கள் திரள்திரளாக மேலேறி வருகின்றனர். இத்துணைப் புகழை அவனுக்குத் தேடித் தந்தவர் யாவர் என வினவின், அவன் வாயிலில் நின்று பாடியும் ஆடியும் பரிசில் பெற்ற பாணரும், விறலியரும், கோடியருமே என்க. கோடியர் என்பது கூத்தரைக் குறிக்கும் பழஞ்சொல். கொடுத்தவன் பெயரும், அக்கொடையைப் பாட்டில் அமைத்த புலவர் பெயரும் 2000 ஆண்டுகளாக நின்று நிலவுகின்றன. ஆடிய காலுக்கும் பாடிய மிடற்றுக்கும் உரியவர் பெயருள் ஒன்றேனும் நமக்கு எட்டிற்றில்லை. இக்குறை பிற்காலத்தில் எவ்வாறு சிறிது சிறிதாக நீங்கிற்று என்பதனையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

புறநானூற்றில் 152, 153 என்னும் எண்ணுடைய பாட்டுக்கள் இரண்டும் வன்பரணர் ஓரியைப் பாடியன. முன்னதில், காட்டு வழியே செல்லும் கூத்தர் கூட்டமொன்று வேட்டுவன் ஒருவனைக் காண்கின்றது. அவன் எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்திப் புலியைக் கொன்று, கலைமானை உருட்டிப் பன்றியைச் சாய்த்துப் புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைக்கின்றது. இவன் ஓரிதானோ அல்லனோ என ஐயுற்ற தலைவன், தன் கூட்டத்தாரை நோக்கி இசைக் கருவிகளை ஆயத்தம் செய்யுமாறு ஏவுகின்றான். முழவு, யாழ், யானைத் துதிக்கை போன்ற தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை என ஆறு கருவிகள் அங்கே பேசப்படுகின்றன. அவற்றைக் காடும் மலையும் கடந்து தோளிற் சுமந்து வந்தவர் எத்தனை பேராயிருத்தல் வேண்டும்! இருபத்தொரு துறையும் முறையே பாடி முடித்து, இறுதியில் 'கோ' என விளித்தபொழுது, அது தன் பெயராதலின் அவ்வேட்டுவன் நாணினானாம். பின்னர்ப் புழுக்கிய மானிறைச்சியும் மதுவும் தந்து, தன் மலையிற் பிறந்த பொன்னையும் மணியையும் அக்காட்டிடையே வாரி வழங்கினன்.

பின்னைய பாட்டில் வருவது வேறொரு செய்தி. வெள்ளி நாரில் தொடுத்த, மணி பதித்த குவளைப் பூமாலையும், அணிகலனும், யானைக் கூட்டமும் பெற்ற கூத்தர், பசி முற்றும் நீங்கியமையால் ஆடவும் மாட்டாராய்ப் பாடவும் மறந்தார் என்பர் புலவர். இவ்விடத்தை வகுப்பில் விளக்குங்கால் மாணாக்கர் நகைப்பதுண்டு. யாமும் உடன் நகைப்போம். ஆயினும், வயிறு நிறைந்தது ஒரு செய்தியாகப் பாட்டில் ஏறிற்றாயின், அதற்கு முன் அக்கூட்டத்தார் எத்துணை நாள் பசித்திருந்தனரோ என்று பின்னர் எண்ணாதிருத்தல் இயலாது. சிறுபாணாற்றுப்படை ஒருபடி மேலே சென்று, ஓரி தன் மலைநாட்டையே கோடியர்க்கு ஈந்தான் எனக் கூறும். நாடு கொடுத்தவனை மலையமான் திருமுடிக்காரி கொன்று, கொல்லியைச் சேரனுக்கு அளித்தமையை அகநானூறு சொல்லும்.

இம்மலைக்குக் கலையுலகில் வேறு இரண்டு உறவுகளும் உள. ஒன்று கொல்லிப் பண். திருநாவுக்கரசரின் முதற் பதிகம் இப்பண்ணில் அமைந்தது; இக்காலத்தார் இதனை நவரோசு இராகத்தோடு ஒப்பிடுவர். மற்றொன்று கொல்லிப் பாவை. பூதம் சமைத்தது என்றும், காற்றும் மழையும் இடியும் தாக்கினும் எழில் குன்றாதது என்றும் நற்றிணைப் பாட்டுக்கள் கூறும் அப்பாவை, உயிரின்றியே அசைந்து நகைத்துக் கண்டாரை மயக்கும் என்பது பின்னையோர் வழக்கு. வெண்திரையில் ஒளியாலாகிய உருவம் நகைக்க, ஈராயிரம் பேர் இருளில் அமர்ந்து உருகும் காட்சியைக் காணுந்தோறும் எமக்கு இப்பாவையின் நினைவே வருகின்றது.

இனி, கூத்தர் என்னும் சொல் நம் வீடுகளில் அடைந்துள்ள நிலையைச் சிறிது பார்ப்போம். அம்பலத்தில் ஆடும் இறைவனைக் கூத்தன் என்று கைகூப்பித் தொழுகின்றோம். அச்சொல்லோடு ஆடி என்பதைச் சேர்த்து மனிதனைக் குறிக்கும்பொழுது அது வசையாகி விடுகின்றது. சின்னாட்களுக்கு முன் எமக்கு அறிமுகமான ஒரு குடும்பத்துச் சிறுமி, பள்ளி ஆண்டு விழாவில் கண்ணகி வேடம் பூண விரும்பினாள். அவள் பாட்டனார், "நம் குடியில் கூத்தாடியா?" என ஒரே சொல்லில் அதனைத் தடுத்து விட்டார். அவர் கற்றவர், சிலப்பதிகாரத்தை விரும்பிப் படிப்பவர். அவரைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. அவர் நாவில் வந்த சொல் எங்கிருந்து வந்தது என்பதே எம் கவலை.

அச்சிலப்பதிகாரமே ஆடல் மகள் ஒருத்தியின் கல்வியை எத்துணை மதிப்புடன் பேசுகின்றது! மாதவி ஐந்தாம் அகவையில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் அரசன் அவையில் அரங்கேறினாள். அரங்கின் அளவு 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம், திரைகள் மூவகை. அவள் பெற்ற பரிசு தலைக்கோற் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும். இது காப்பியமாதலின் வரலாறு எனக் கொள்ளுதற்குத் தயங்குவார் இருக்கலாம். தயக்கம் வேண்டா, தலைக்கோலி என்னும் பட்டம் சோழர் கல்வெட்டுக்களிலும் பயில்கின்றது.

கல்வெட்டு என்றவுடன் தஞ்சைப் பெரியகோயிலுக்குச் செல்லல் வேண்டும். முதலாம் இராசராசன் (985–1014) பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொணர்ந்து அங்கே குடியேற்றினான். ஒவ்வொருவர்க்கும் ஒரு மனையும், ஆண்டுக்கு 100 கலம் நெல் விளையும் பங்கும் அளிக்கப்பட்டன. வியப்பு யாதெனின், எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாம் வீடு, அவ்வீட்டிலுள்ள பெண் யார், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள் என ஒருவர் விடாமற் பெயர் சொல்லிக் கல்லில் வெட்டியுள்ளமையே. ஒருத்தி இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ அவட்கு அடுத்த முறையார் அப்பங்கைப் பெற்றுப் பணிசெய்யலாம். அவர் தகுதியற்றவராயின் தகுதியுடையாரைத் தேர்ந்து பணிசெய்விக்க வேண்டும். கணக்கன் தன் கணக்கிற்காக எழுதிய பெயர்களே அவை. எனினும் புலவர் எழுதாது விட்டதனைக் கணக்கன் எழுதி வைத்தான்.

அக்கோயிலிலேயே இரண்டாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டொன்று, வைகாசிப் பெருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுதற்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் வகுத்ததைக் கூறுகின்றது. ஆடியவன் பெயர் சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றன். அவன் பெற்ற பட்டம் விசைய ராசேந்திர ஆசாரியன். கூத்தனை 'ஆசாரியன்' என்று கல்லில் எழுதிய காலம் ஒன்று இந்நாட்டில் இருந்தது! ஆசிரியத் தொழிலையே பிழைப்பாகக் கொண்ட எமக்கு அப்பட்டத்தைப் பங்கிட்டுக்கொள்வதில் மகிழ்ச்சியே.

அப்பெருமை பின்னர்க் குன்றிற்று. கோயிற் கலை தேய்ந்தது. 1947இல் சென்னை மாகாணத்தில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கமே சட்டத்தால் ஒழிந்தது. அவ்வொழிப்பு வேண்டப்பட்டதே என்பதில் எமக்கு ஐயமில்லை. கலையைப் பேணியவரை இழித்த வழக்கு நம் நாட்டிற்கே உரியதும் அன்று. பிரெஞ்சு நாட்டில் மோலியேர் 1673இல் இறந்தபொழுது, நடிகர் என்பதனால் கிறித்தவ முறைப்படி அடக்கம் செய்யச் சமயத்தார் இசையவில்லை. பதினான்காம் லூயி மன்னன் தலையிட்ட பின்னரே இரவில் அடக்கம் நிகழ்ந்தது. இங்கிலாந்தில் நடிகரொருவர் 'சர்' பட்டம் பெறுதற்கு 1895 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பெற்றவர் ஹென்றி இர்விங்.

நம் நாட்டில் மாற்றத்திற்கு வழிகோலியவருள் பம்மல் சம்பந்த முதலியாரை (1873–1964) முதலில் வைத்தல் தகும். 1891இல் அவர் தோற்றுவித்த சுகுண விலாச சபையில் வழக்கறிஞரும் பட்டதாரிகளும் வேடம் புனைந்தனர். தேசத் தலைவர் சத்தியமூர்த்தியும் அம்மேடை ஏறியவரே. சங்கரதாஸ் சுவாமிகளோ (1867–1922) 40க்கு மேற்பட்ட நாடகங்களை இயற்றியதோடு, 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிச் சிறுவர்க்கு நடிப்புக் கற்பித்தார். அங்கே பயின்ற தி. க. சண்முகம் பிற்காலத்தில் தம் நாடக வாழ்க்கையை நூலாக எழுதினார். பம்மலாரும் நாடக மேடை நினைவுகளை எழுதி வைத்தார். உடன் நடித்தோர் பெயரையும் அவர்தம் திறத்தையும் இவ்விருவரும் மறவாது குறித்தமை பெரிதும் போற்றத்தக்கது.

பெண்டிர் நிலை இன்னும் அரிதாயிருந்தது. 1913இல் பால்கே தம் அரிச்சந்திரன் படத்தை எடுத்தபொழுது அரசி வேடத்திற்குப் பெண் கிடைக்காமையால், உணவு விடுதியிற் பணிசெய்த சாளுங்கே என்னும் இளைஞரைச் சேலையுடுத்தி நிறுத்தினார். 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமாகிய காளிதாசின் நாயகி டி. பி. ராஜலட்சுமி, 1936இல் மிஸ் கமலா என்னும் படத்தைத் தாமே இயக்கவும் செய்தார்.

ஆயினும் நம் கொல்லிக்கு அண்மையில், தென்மேற்கே காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியிற் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரைப் (1908–1980) பற்றிச் சற்று விரித்தே எழுத விரும்புகின்றோம். வறுமை மிக்க குடி. இரயில் வண்டியிற் பாடிக் காசு பெற்ற குழந்தை அவர் என்பர். நாடகக் குழுவிற் சேர்ந்து, இலங்கை வரை சென்று பெயர் பெற்றார். குரல்வளத்தில் தமக்கு நிகரான எஸ். ஜி. கிட்டப்பாவை 1927இல் மணந்தார். 1933இல் கிட்டப்பா இளமையிலேயே மறைந்தபொழுது அம்மையார்க்கு அகவை 25. அன்று உடுத்த வெள்ளாடையை இறுதிவரை களையவில்லை. ஆடவரோடு இணையாக நடித்தலையும் அறவே விடுத்தார்.

1935இல் நந்தனார் படத்தில் நடிக்க அவர்க்கு ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் கொடுக்கப்பட்டது. அக்காலத்தில் அது எவரும் கேட்டறியாத தொகை. சென்ற நூற்றாண்டுக்கு முந்தியதில் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனைகளாகப் பாடிய கதை அது. அதில் ஆண் வேடம் பூண்டு, தில்லைக்கு வெளியே நின்று உருகும் அடியாராக அவர் தோன்றினார். 1951இல் சென்னை மேலவை உறுப்பினரானார். இந்தியத் திரைக் கலைஞருள் சட்டமன்றம் புகுந்த முதல்வர் அவரே என்பர். 1953இல் ஔவையாராகத் திரையில் வந்தார். பரிசில் பெறப் புரவலனது வாயிலில் நின்ற பழங்காலத்து விறலியையும், சட்டமியற்றும் அவையில் இருக்கை பெற்ற இவ்வம்மையாரையும் ஒருங்கு வைத்து எண்ணுக.

சேலத்தில் டி. ஆர். சுந்தரம் 1935இல் நிறுவிய மாடர்ன் தியேட்டர்சும் கொல்லிக்கு அயலதே. நடிகர்க்கும் எழுத்தாளர்க்கும் திங்கள் ஊதியம் தந்து 100க்கு மேற்பட்ட படங்களை எடுத்த அந்நிலையத்தில், 1940இல் பி. யு. சின்னப்பா உத்தமபுத்திரனில் இரட்டை வேடம் ஏற்றார். இன்று அங்கு எஞ்சி நிற்பது வாயில் வளைவே. ஆனால் அப்படங்களைப் போட்டால், கதை தொடங்கும் முன்னரே நடித்தவர் பெயர்கள் வரிசையாகத் திரையில் எழுகின்றன. திரைப்படத்தார் செய்த நன்மைகளுள் இதனையே யாம் பெரிதாகக் கருதுகின்றோம்.

ஊர்த் திருவிழாவில் விடிய விடியப் பாரதக் கூத்து ஆடுவோர்க்கு அந்நன்மை இன்னும் கிட்டவில்லை. நம் சங்கத்துக் குடும்பங்களிலும் அர்ச்சுனன் வேடமோ துரோபதை வேடமோ கட்டிய பாட்டனாரும் மாமன்மாரும் இருந்திருப்பர். வெட்கி மறைத்தவரும் உளர். அன்னார் பெயர், ஊர், கட்டிய வேடம், ஆடிய ஆண்டு, கற்பித்த வாத்தியார் பெயர் ஆகியவற்றை வீட்டு முதியோரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி, சங்கக் காரியதரிசிக்கு அனுப்புமாறு வேண்டுகின்றோம். வந்தவற்றை ஊர்வாரியாக அடுக்கி, இவ்விதழிலேயே ஒருவர் விடாமல் வெளியிடுவதாக ஆசிரியர் இசைந்துள்ளார்.