நேரா வீட்டுக்கு, வழியில ஒரு அண்ணாச்சி

டிடிஎச்-ன்னா 'டைரக்ட் டு ஹோம்'. தமிழ்ல சொன்னா நேரா வீட்டுக்கு. 36,000 கிலோமீட்டர் உயரத்துல இருந்து சிக்னல் நேரா நம்ம மொட்டை மாடிக்கு வருதுங்கறது வாஸ்தவம்தான். ஆனா பெட்டியும் குடையும் என்னிக்காவது நேரா வந்திருக்கா? போன வாரம் ஆபீஸ் நண்பர் ஒருத்தர், "புது கனெக்‌ஷன் கடையில எடுக்கட்டுமா, கம்பெனியிலயே எடுக்கட்டுமா"ன்னு கேட்டார். ஒரு வரியில பதில் சொல்லியிருக்கலாம். நமக்குத்தான் எதையும் ஒரு வரியில சொல்லிப் பழக்கமில்லையே :-)

கொஞ்சம் பின்னாடி போகணும். 1975-ல சென்னையில தூர்தர்ஷன் வந்துட்டாலும், எங்க திருநெல்வேலிப் பக்கம் அது எட்டாது. எங்களுக்கு டி.வி.ன்னா 1982-ல இலங்கையில ஆரம்பிச்ச ரூபவாகினிதான். அதைப் பிடிக்க உசரமா ஒரு இரும்புக் குழாய், உச்சியில ஆன்டெனா, கீழ ஒரு பூஸ்டர். குழாயை நட்டு, தென்கிழக்கே திருப்பி, "இப்போ தெரியுதா?"ன்னு மாடியிலேர்ந்து கத்துவாரு ரேடியோ கடை அண்ணாச்சி. "இன்னும் கொஞ்சம்... ஆங், போயிட்டுது, போயிட்டுது"ன்னு கீழேருந்து நாங்க கத்துவோம். புள்ளிப் புள்ளியா படம் தெரிஞ்சதும் தெருவே கூடிடும். டி.வி. பெட்டியை எந்தக் கம்பெனி செஞ்சா என்ன, படம் தெரிய வச்சது அண்ணாச்சிதான்.

1991-ல வளைகுடாப் போரை சி.என்.என். நேரடியா காட்டினதும், அதே வருஷம் ஸ்டார் டி.வி. வந்ததும் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அந்தக் காலத்து சி-பேண்ட் சிக்னலுக்கு எட்டடி, பன்னெண்டடிக்கு வலைக்குடை வேணும். வீட்டுக்கு ஒண்ணு வைக்க யாருக்கு வசதி? ஊருக்கு ஒருத்தர் வச்சு, தெருவெல்லாம் வயர் இழுத்தார். கேபிள்காரர் பிறந்தார். 1993 ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டன்னிக்கு சன் டி.வி. வந்ததும் அவரு காட்டுல மழை. 1995-ல கேபிள் சட்டம் வந்தப்புறம் அவரு போய்ப் பதிவு பண்ணிக்க வேண்டிய இடம் எது தெரியுமா? தலைமைத் தபால் நிலையம்! சேனல்காரங்களுக்கு அவரு வீட்டுல எத்தனை வயர் போகுதுன்னு தெரியாது, நமக்கு சேனல் முதலாளி யாருன்னு தெரியாது. மாசாமாசம் வாசல்ல நின்னு காசு வாங்கறவரை மட்டும் தெரியும்.

இந்த நடு ஆளைத் தாண்டிப் போகத்தான் டிடிஎச் வந்தது. வந்த வழி அவ்வளவு நேரா இல்லை. முர்டாக்கோட ஐஸ்கைபி தயாரா நின்ன நேரத்துல, 1997-ல அரசாங்கம் தடை போட்டுது. 2000 நவம்பர்ல தடையை எடுத்து, 2001 மார்ச்ல விதிமுறை வெளியிட்டாங்க. அதுல ஒரு அருமையான ஷரத்து இருக்கு. பெட்டி எல்லா கம்பெனிக்கும் பொருந்தற மாதிரி திறந்த வடிவமைப்புல இருக்கணுமாம். அதாவது மிக்ஸி வாங்கற மாதிரி கடையில ஒரு பெட்டி வாங்கிக்கலாம், கம்பெனி பிடிக்கலேன்னா பெட்டியை வச்சுக்கிட்டு கம்பெனியை மாத்திக்கலாம். இது மட்டும் நடந்திருந்தா 'கடையா, கம்பெனியா'ங்கற கேள்வியே வேற மாதிரி ஆகியிருக்கும். நடக்கலை. ஒருத்தர் எம்பெக்-2, இன்னொருத்தர் எம்பெக்-4, ஆளுக்கொரு பூட்டு, ஆளுக்கொரு சாவி. கம்பெனி மாறினவங்க வீட்டுப் பரண்ல பழைய பெட்டி தூங்குது. எங்க வீட்டுல ரெண்டு தூங்குது.

சென்னைக்காரங்களுக்கு இன்னொரு அனுபவமும் உண்டு. 2003 செப்டம்பர் 1-ல அங்க 'காஸ்' வந்தது. கட்டணச் சேனல் பார்க்கணும்னா கேபிளுக்கே பெட்டி வாங்கணும்னு சட்டம். பெட்டி விலையைக் கேட்ட ஜனங்க, "இருக்கற இலவசச் சேனலே போதும்"னு உக்காந்துட்டாங்க. அடுத்த மாசமே, 2003 அக்டோபர்ல, டிஷ் டி.வி. கடை விரிச்சது.

எனக்கு இந்தச் சரித்திரத்துலயே ரொம்பப் பிடிச்ச அத்தியாயம் 2004 டிசம்பர்ல தூர்தர்ஷன் ஆரம்பிச்ச டிடி டைரக்ட் பிளஸ் (இப்போ டிடி ஃப்ரீ டிஷ்). 33 சேனலோட ஆரம்பிச்சாங்க, மாசக் கட்டணம் கிடையாது. பேருலயே 'டைரக்ட்' இருக்கு, ஆனா தூர்தர்ஷன்ல போய் "ஒரு கனெக்‌ஷன் குடுங்க"ன்னு கேட்க முடியாது. குடையும் பெட்டியும் கடையிலதான் வாங்கணும். விக்கறவன் இல்லாம கடைக்காரன் மட்டுமே இருந்த வியாபாரம் உலகத்துல இது ஒண்ணாத்தான் இருக்கும்!

அமெரிக்காவுலயும் கதை கடையிலதான் ஆரம்பிச்சது. 1994 ஜூன்ல டைரக்டிவி முதல்ல விற்பனைக்கு வந்தது மிசிசிப்பி மாகாணத்து ஜாக்சன் ஊர்க் கடைகள்ல. ஆர்.சி.ஏ. பெட்டி, 18 அங்குலக் குடை, விலை 699 டாலர். அங்கேயும் 'டைரக்ட்'ங்கறது பேருலதான்.

சரி, நம்மூருக்கு வருவோம். 2006 ஆகஸ்ட்ல டாடா ஸ்கை, 2007 கடைசியிலயும் 2008 ஆரம்பத்துலயுமா சன் டைரக்ட், 2008-லயே பிக் டி.வி.யும் ஏர்டெல்லும், 2009-ல வீடியோகான். அண்ணாச்சி கடை வாசல்ல ஆறு கலர்ல பேனர் தொங்கிச்சு. 2007-ல டிராய் ஒரு ஒழுங்குமுறை கொண்டுவந்து, பெட்டியை முழு விலைக்கு மட்டுமில்லாம வாடகைக்கும் தவணைக்கும் தரணும்னு சொல்லிச்சு. வாடகைன்னு ஒண்ணு இருக்குன்னு எங்க ஊர்க் கடையில யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அண்ணாச்சியைக் கோயில் கட்டிக் கும்பிட நான் இதை எழுதலை. பில் குடுக்க மாட்டாரு. வயர் நீளத்தை அவரு சொல்றதுதான் கணக்கு. பல கடைக்காரங்க வாடிக்கையாளர் நம்பர் போடற இடத்துல சொந்த மொபைல் நம்பரைப் போட்டு வச்சாங்க. கம்பெனி அனுப்பற செய்தியெல்லாம் கடைக்குப் போகும். கடை மூடிட்டா நம்ம கனெக்‌ஷன் நம்மளோடதுதான்னு நிரூபிக்க நாமதான் அலையணும். கம்பெனியிலயே நேரா வாங்கறவனுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இப்போ 2010 ஜூலை 7. இன்சாட்-4பி செயற்கைக்கோள்ல மின்சாரக் கோளாறு வந்து, பாதி டிரான்ஸ்பான்டர்களை நிறுத்தி வைக்க வேண்டியதாச்சு. சன் டைரக்ட் அதுலதான் இருந்தது. அவங்க மலேசியாவோட மீசாட்-3-க்கு மாறினாங்க. 93.5 டிகிரியிலேர்ந்து 91.5 டிகிரி, ரெண்டே டிகிரிதான் வித்தியாசம். காகிதத்துல பார்த்தா ஒண்ணுமில்லை. ஆனா மாடி மாடியா ஒவ்வொரு குடையையும் ஒரு ஆள் ஏறித் திருப்பணும்! கால் சென்டர்ல உக்காந்துக்கிட்டு குடையைத் திருப்ப முடியாதே. எங்க வீட்டுல அப்போ கேபிள், அதனால நான் வேடிக்கை பார்க்கற கூட்டம். அண்ணாச்சி கையில ஸ்பேனரும் சிக்னல் மீட்டருமா ஒவ்வொரு மாடியா ஏறி எறங்கினாரு. இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு தெருவுல மறுபடியும் "இப்போ தெரியுதா?" கேட்டுச்சு. அன்னிக்கு ராத்திரி அவரு கடை பெஞ்சுல சாஞ்சு உக்காந்திருந்தது இன்னும் கண்ணுல நிக்குது.

இதெல்லாம் பார்த்தும் புத்தி வரலை எனக்கு. 2011-ல வீட்டுக்கு டிடிஎச் எடுத்தப்போ ஒரு கம்பெனிக்கு (பேரு வேணாம்) நேரா போன் போட்டேன். முந்நூறு ரூபா குறைவு, ஒரு மாசம் இலவசம். அண்ணாச்சி கடையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகணும், அன்னிக்குப் பின் தெரு வழியா சுத்திப் போனேன். ஐப்பசி மழையில குடை சாஞ்சுது. மூணு நாள் போன். "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" வந்துகிட்டே இருந்தது, ஆள் வரலை. அப்பா அப்போ ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து படுக்கையில இருந்தாங்க, அவங்களுக்கு டி.வி.தான் துணை. நாலாம் நாள் வெக்கத்தை விட்டுட்டு கடைக்குப் போனேன்.

"கம்பெனியிலயே வாங்கிட்டியளாக்கும்?"ன்னாரு. நான் தலையைக் குனிஞ்சேன். "அப்பா சும்மா படுத்திருப்பாவளே, மொதல்ல சொல்லப்படாதா தம்பி"ன்னு ஸ்பேனரை எடுத்துக்கிட்டாரு. நூறு ரூபா வாங்கினாரு. பில் கிடையாது.

2019 பிப்ரவரி 1-ல டிராயோட புது கட்டண முறை வந்தது. 100 சேனலுக்கு 130 ரூபாயும் வரியும், கட்டணச் சேனலை ஒவ்வொண்ணா நாமளே தேர்ந்தெடுக்கணும். கம்பெனி ஆப்ல அஞ்சு நிமிஷத்துல பண்ணலாம், நான் பண்ணித் தரேன்னு அம்மாகிட்ட சொன்னேன். அம்மா கேட்கலை. நோட்டுல கிழிச்ச தாள்ல சேனல் பேரெல்லாம் எழுதி எடுத்துக்கிட்டு அண்ணாச்சி கடைக்குக் கிளம்பிட்டாங்க. அங்க ஏற்கெனவே பத்துப் பேர் ஆளுக்கொரு தாளோட நின்னாங்களாம்.

ஆபீஸ் நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: கடையில வாங்குங்க, ஆனா உங்க மொபைல் நம்பரைத்தான் போடணும்னு பக்கத்துல நின்னு பாருங்க, பில்லைக் கேட்டு வாங்குங்க, ரீசார்ஜை நீங்களே பண்ணிக்கோங்க. அவரு அடுத்த நாளே கம்பெனிக்கு நேரா போன் போட்டுட்டாரு.

போன தடவை ஊருக்குப் போனப்போ பார்த்தேன், அண்ணாச்சி கடையில இப்போ சிசிடிவி கேமராதான் பிரதான வியாபாரம். பின்பக்கச் சுவரோரமா அந்த ரூபவாகினிக் குழாய் துருப்பிடிச்சு சாஞ்சிருக்கு, அதுல கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தாங்க.